கடலையும் எள்ளும் கூடிய கதை

அரபு மொழியில் 'ஹும்முஸ்' என்னும் சொல் கொண்டைக்கடலையைக் குறிக்கும். அக்கடலையை வேகவைத்துக் குழைய அரைத்து, எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் பூண்டும் உப்பும் கூட்டிச் செய்யப்பெறும் உணவின் முழுப்பெயர் 'ஹும்முஸ் பி தஹினா' என்பதாகும். எள் விழுதோடு கூடிய கடலை என்பது இதன் பொருள். 'தஹினா' என்பதோ அரைத்தல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்த சொல். சிரியா, இலெபனான், பாலத்தீனம், யோர்தான் ஆகிய நாடுகளின் இல்லங்களில் அன்றாட உணவாக விளங்கும் இதனை வெளியுலகம் பெயரின் பின்பாதியை நீக்கி 'ஹும்முஸ்' என்று மட்டுமே வழங்குகிறது. பெயரில் எள் மறைந்தது போலவே, இவ்வுணவின் தொன்மையைப் பற்றிப் பேசுவோர் பலரும் கடலையின் வயதையே உணவின் வயதாகக் கணக்கிட்டுவிடுகின்றனர். பொருளின் தொன்மை வேறு. அப்பொருளாற் செய்த உணவின் தொன்மை வேறு.

கடலை பழமையானது என்பதில் ஐயமில்லை. அதன் காட்டு மூதாதை இன்றும் தென்கிழக்குத் துருக்கியின் மலைச்சாரல்களில் மட்டுமே வளர்கிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன்னர் மேற்காசிய மாந்தர் கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகளோடு கடலையையும் பயிராக்கினர். எரிகோ முதலிய பழம் குடியிருப்புகளை அகழ்ந்தோர் கரிந்த கடலை மணிகளைக் கண்டெடுத்துள்ளனர். அங்கிருந்து அது மேற்கே உரோமாபுரிக்கும் கிழக்கே சிந்துவெளிக்கும் சென்றது. இலத்தீன் மொழியில் அதன் பெயர் 'சிசர்'. நாவன்மையாற் புகழ்பெற்ற சிசரோவின் குடிப்பெயர் இச்சொல்லினின்றே வந்தது. அவனுடைய முன்னோன் ஒருவனின் மூக்கு நுனியில் கடலை மணியிலுள்ளது போன்ற பிளவு இருந்ததாம் என்று புளூட்டார்க்கு எழுதியுள்ளார். தமிழர் இதே மணியை மூக்குக்கடலை என்றும் வழங்குவது இங்கு நினைவுகூரத்தக்கது. தாவரவியலார் இட்ட பெயரோ ஆட்டுக்கடாவின் தலையைச் சுட்டுகிறது. ஒரே மணியில் ஒருவர் மூக்கையும், ஒருவர் கொண்டையையும், ஒருவர் கடாத்தலையையும் கண்டிருக்கின்றனர்.

எள்ளின் வரலாறு திசைமாறியது. அதன் காட்டினம் இந்தியத் துணைக்கண்டத்திற்குரியது. ஆரப்பாவில் கிடைத்த கரிந்த எள் மணிகள் 4,000 ஆண்டுகட்கும் முற்பட்டவை. எள்ளின் நெய்யே 'எண்ணெய்' எனப்பட்டு, பின்னர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று என்பதனைத் தமிழ் மாணவர் அறிவர். ஆகவே ஹும்முஸ் என்னும் கிண்ணத்தில் மேற்காசியக் கடலையும் இந்திய எள்ளும் கலந்திருக்கின்றன.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. சிந்துவெளிக் காலந்தொட்டு இந்திய மண்ணில் கடலையும் இருந்தது, எள்ளும் இருந்தது, அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன. ஆயினும் இந்தியர் எவரும் ஹும்முஸ் செய்தாரில்லை. தமிழர் கடலையை முழுதாக வேகவைத்துச் சுண்டலாக்கினர். வெந்த கடலைப்பருப்பை வெல்லத்தோடு அரைத்துப் பூரணமாக்கினர். எள்ளை வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடித்தனர். இரண்டையும் ஒரே உரலில் இட்டாரில்லை. ஈப்போவின் புந்தோங்கில் எட்டயபுரத்து வழிவந்த குடும்பங்கள் வளர்த்த காச்சாங் பூத்தே தொழிலிலும் கடலை வறுபட்டதேயன்றிக் குழைவுற்றதில்லை. பொருள்கள் கைவசம் இருந்தமையால் மட்டும் ஓர் உணவு பிறந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எரிகோவிற் கடலை கிடைத்தமையால் எரிகோவிலேயே ஹும்முஸ் தோன்றிற்று என்று கூறுவதும் இவ்வாறே பிழையாகும்.

அவ்வாறாயின் எழுத்துச் சான்று எப்போது தொடங்குகிறது? 13ஆம் நூற்றாண்டில் என்பதே விடை. அக்கால அரபுச் சமையல் நூல்களுள் 'வுஸ்லா' எனச் சுருக்கமாக வழங்கும் நூலில் 'ஹும்முஸ் கசா' என்றொரு பண்டம் காணப்படுகிறது. வெந்த கடலையை நன்கு மசித்து, எள் விழுதும் காடியும் சேர்த்து, பலவகை நறுமணப் பொருள்களும் கீரைகளும் கொட்டைப் பருப்புகளும் கலந்து, தட்டையாகப் பரப்பி ஓரிரவு வைத்திருந்து உண்ணுமாறு அந்நூல் கூறுகிறது. இந்நூலை இயற்றியவர் அலெப்போ நகரத்து வரலாற்றாசிரியர் இபுனுல் அதீம் (1192–1262) என்று கூறுவாரும் உளர். அதனை மறுப்பாரும் உளர். எகிப்தில் தோன்றிய மற்றொரு நூலில் காடியும் ஊறிய எலுமிச்சையும் சேர்ந்த கடலை மசியல் உள்ளது. அதில் எள் விழுதும் இல்லை, பூண்டும் இல்லை. இன்று உண்ணப்படும் எளிய வடிவம், அதாவது கடலை, எள், எலுமிச்சை, பூண்டு, உப்பு என்னும் ஐந்தோடு நின்றுவிடும் வடிவம், அந்நூல்களிற் காணப்பெறவில்லை. மன்னர் அவைக்கும் செல்வர் மனைக்கும் உரிய ஆரவாரப் பண்டம் காலப்போக்கில் எளியோர் அடுக்களையில் ஆடைகளைக் களைந்து நின்றது எனலாம்.

'நன்கு மசித்து' என்று அந்நூல் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அச்சொல்லுக்குள் அடங்கிய உழைப்போ பெரிது. சமையல் நூல்களை எழுதியோர் பெரும்பாலும் உரலைத் தொட்டவர் அல்லர் போலும்! வீட்டில் இதனைச் செய்யும் பெண்டிர் நன்கறிந்த செய்தி, கடலை எளிதிற் குழையாது என்பதே. இரவு முழுதும் ஊறவைத்தாலும் அதன் தோலும் உட்பகுதியும் கடினமாகவே இருக்கும். அலெப்போ, எருசலேம் முதலிய நகரங்கள் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் அமைந்தவை. அந்நிலத்து நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து கடலையின் அணுச்சுவர்களைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருளை மேலும் இறுக்கிவிடும். ஊறும் நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா இடுவது இதனால்தான். காரம் அப்பிணைப்பைத் தளர்த்துகிறது. 250 கிராம் உலர் கடலைக்கு இவ்வளவு போதும். மிகுந்தால் சவர்க்காரச் சுவை தட்டும்.

ஊறிய கடலையைக் கழுவிப் புதுநீரில் வேகவைக்கும்போது நுரையும் தோலும் மேலெழும். அவற்றை அகப்பையால் வழித்தெடுத்தல் வேண்டும். விரலிடை நசுக்கினால் வெண்ணெய்போல் மசியும் வரை வேகவிடுதலே முறை. சுண்டலுக்கு வேண்டிய பதத்தில் நிறுத்துவோர் எத்துணை நேரம் அரைத்தாலும் மணல்போன்ற நெறுநெறுப்பையே காண்பர். வெந்த கடலை சூடாக இருக்கும்போதே அரைத்தல் நன்று. ஆறினால் அதன் மாவுச்சத்து இறுகிவிடும்.

எள்ளின் பக்குவம் வேறு. தோல் நீக்கிய வெள்ளெள்ளை இளவறுப்பாக வறுத்து நெடுநேரம் அரைத்தால், அதன் எண்ணெய் வெளிப்பட்டு ஒழுகும் விழுதாகும். தோல் நீக்குவதற்கு அப்பகுதித் தொழிலாளர் கையாண்ட வழி நுட்பமானது: இடித்துத் தோல் தளர்த்திய எள்ளை அடர்ந்த உப்புநீரில் இட்டால், தோல் அடியில் தங்கும், பருப்பு மிதக்கும். பாலத்தீனத்தின் நாபுலுசு நகரம் எள் விழுதுக்குப் பெயர்போனது. இவ்விழுதில் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது ஊற்றிக் கலக்கினால் அது இளகுவதற்கு மாறாகக் கெட்டிப்பட்டுத் திரளும். புதிதாய்ச் செய்வோர் இங்கேதான் அஞ்சிக் கைவிடுவர். குளிர்ந்த நீரை மேலும் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் திரண்டது இளகி, பழுப்பு நிறம் நீங்கிப் பால்போல் வெளுக்கும். முதலில் ஊற்றிய சிறிதளவு நீர் எள் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. நீர் மிகுந்தபோது எண்ணெய் நுண்துளிகளாகி அந்நீரிற் பரவுகிறது. வெண்மைக்கும் மென்மைக்கும் காரணம் இதுவே. 250 கிராம் கடலைக்கு 200 கிராமேனும் எள் விழுது வேண்டும். இதிற் சிக்கனம் காட்டினால் கிடைப்பது மசித்த கடலையே, ஹும்முஸ் அன்று. பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் சற்று ஊறவிட்டுச் சேர்த்தால் அதன் காட்டம் தணியும்.

கடலை விழுதும் வெளுத்த எள்ளும் ஒன்றாகி, அரைமணி நேரம் அடங்கியபின், அகன்ற கிண்ணத்தில் இட்டு, கரண்டியின் முதுகால் நடுவே பள்ளம் செய்து, ஒலிவ எண்ணெய் வார்த்து, ரொட்டியால் வழித்து உண்பர். முன்னாளில் மர உலக்கையாற் செய்த வேலையை, பிரெஞ்சு நாட்டிலும் அமெரிக்காவிலும் 1970களில் இல்லங்களுக்கு வந்த மின் அரைப்பான்கள் சில நிமிடங்களில் முடித்தன. அதன்பின் ஹும்முஸ் மேலைநாட்டுக் கடைகளில் நெகிழிக் குவளைகளில் அடைபட்டு விற்கும் பண்டம் ஆயிற்று.

பண்டம் பணம் ஈட்டத் தொடங்கியதும் உரிமைப் பூசல் எழுந்தது. ஃபெட்டா என்னும் பாலடைக்கட்டியின் பெயர் கிரேக்கத்துக்கே உரியதென 2005ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனைக் கண்ட இலெபனான் தொழிலதிபர்கள், ஹும்முஸ் பெயரும் தம் நாட்டுக்கே உரியதென 2008ஆம் ஆண்டில் முழங்கினர். 2009இல் பெய்ரூத்து நகரில் 2 டன்னுக்கு மேற்பட்ட ஹும்முஸ் ஒரே தட்டில் ஆக்கப்பெற்று உலகச் சாதனையாயிற்று. 2010 சனவரியில் இசுரேலிலுள்ள அபு கோஷ் என்னும் அரபுச் சிற்றூரார், செயற்கைக்கோள் அலை வாங்கும் பெருங்கிண்ணத்தில் 4 டன்னுக்கு மேல் ஆக்கி அதனை முறியடித்தனர். அவ்வாண்டு மே திங்களில் பெய்ரூத்தார் 10,452 கிலோ ஆக்கினர். இலெபனானின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். எடையிலும் நாட்டின் அளவையே பொறித்தனர். பெயருரிமை மட்டும் கிட்டவில்லை.

இசுரேலிய எழுத்தாளர் மெயிர் ஷாலெவ், விவிலியத்தின் ரூத் நூலில் வரும் 'ஹோமெட்ஸ்' என்னும் சொல் ஹும்முசையே குறிக்கும் என வாதிட்டார். ஆனால் அச்சொல்லுக்குக் காடி என்பதே வழங்கிவரும் பொருள். ஒலி ஒற்றுமை ஒன்றையே சான்றாகக் கொள்ளும் சொல்லாராய்ச்சி எந்த மொழியிலும் வழுக்கு நிலமே. தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. குடியேறிய யூதருட் பெரும்பாலோர் இவ்வுணவை அங்கு வாழ்ந்த பாலத்தீன அரபியரிடமிருந்தே கற்றனர் என்பதே அண்மை வரலாறு காட்டும் உண்மை. 1948இல் வீடும் நிலமும் இழந்து அகதிகளான மக்கள், தம் காலைச் சிற்றுண்டி வேறொரு நாட்டின் தேசிய உணவாகப் பாராட்டப்படுவதைக் காண்கையில் கொள்ளும் சினம், உணவைப் பற்றியது மட்டும் அன்று.

இப்பூசல்களில் அதிகம் பேசப்படாத நகரம் அலெப்போ. 1260ஆம் ஆண்டில் மங்கோலியப் படை அந்நகரை அழித்தபோது இபுனுல் அதீம் எகிப்துக்கு ஓடினார். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், 1977இல், அதே நகரத்துக்குத் தெற்கே தெல் ஹத்யா என்னுமிடத்தில் வறள்நில வேளாண்மைக்கான பன்னாட்டு ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது. கோதுமை, வாற்கோதுமை, பருப்பு வகைகளோடு கொண்டைக்கடலையின் நாட்டு இனங்களும் காட்டு இனங்களும் அங்குத் திரட்டிக் காக்கப்பெற்றன. 2012இல் உள்நாட்டுப் போர் அலெப்போவை எட்டியது. நிலையத்தின் தலைமையகம் பெய்ரூத்துக்கு இடம்பெயர்ந்தது. நல்வினையாக, அவ்விதைகளின் படிகளை அறிஞர்கள் 2008 முதல் நோர்வேக்குரிய ஸ்வால்பார்டு தீவிலுள்ள உலக விதைக் காப்பகத்துக்கு அனுப்பிவந்தனர். பனிமலையைக் குடைந்து அமைத்த அக்காப்பகத்திலிருந்து முதன்முறையாக விதைகள் திரும்பப் பெறப்பட்டது 2015ஆம் ஆண்டில். பெற்றவர்கள் அலெப்போவை விட்டு நீங்கிய அவ்வறிஞர்களே. ஏறத்தாழ 38,000 மாதிரிகள் வந்தன. இலெபனானின் பெக்கா சமவெளியிலும் மொராக்கோவிலும் அவை விதைக்கப்பெற்றன. விளைந்தவற்றுள் ஒரு பகுதி 2017ஆம் ஆண்டில் மீண்டும் ஸ்வால்பார்டுக்குச் சென்று சேர்ந்தது.