பொன்னால் வாங்க இயலாதது

தஞ்சையிலிருந்து திருவெறும்பூர் வழியாகத் திருவரங்கம் வருவோர், சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைக் கண்டு வியப்பர். உயிருள்ள குதிரையைத் தம்வயப்படுத்துவது தமிழ் மன்னர்க்கு அத்துணை எளிதாக இருக்கவில்லை.

கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அவ்வணிகம் பாண்டியரின் காயல் துறையில் செழித்தது. கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டார் என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், கடலில் மடிந்தவற்றுக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியரின் அமைச்சராக விளங்கினார்.

அக்குதிரைகள் என்னவாயின? ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்குக் குறையாமல் வாங்கும் மன்னரிடம் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்கிறார் 1292 வாக்கில் இங்கு வந்த மார்க்கோ போலோ. குதிரை மருத்துவர் இங்கு இல்லை. விற்பனை குறையுமென்று வணிகரே அவர்களை வரவிடுவதில்லை என்பது அவர் கூற்று.

வஸ்ஸாஃப் வேறொரு காரணத்தைச் சுட்டுகிறார். வந்திறங்கிய குதிரையை 40 நாள் முளையடித்துக் கட்டி, வறுத்த தானியமும் நெய்யில் வெந்த உணவும் பாலும் ஊட்டிக் கொழுக்கவைப்பர்; பின்னர் யாதொரு பயிற்சியுமின்றி வீரர் ஏறி முரட்டுத்தனமாக ஓட்டுவர்; விரைவில் அது சோர்ந்து மந்தமாகிவிடும் என்கிறார்.

அவர் ஈரானிலிருந்தபடி எழுதியவர். இருவர் எண்களிலும் மிகை இருக்கலாம். இந்நாட்டு வெப்பமும் தீவனமும் குதிரைகளை வாட்டியதும் உண்மையே. எனினும் அந்த 40 நாள் செய்தி சிந்திக்கத்தக்கது. குதிரை இயல்பில் அஞ்சி ஓடும் உயிர். கூட்டத்தைப் பிரிந்து புதிய இடம் புகும்போது அதன் அச்சம் பெருகும். குரல் கொடுத்து, தோள்பக்கமாக அணுகி, நாள்தோறும் ஒருவரே தடவிக்கொடுத்து, உடன் நடத்திப் பழகினாலன்றி அது முதுகில் ஆளை ஏற்காது. அரபியர் இதனை ஃபுரூஸிய்யா எனும் தனிக்கலையாக வளர்த்தனர். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசவையைச் சார்ந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரைப் பயிற்சியையும் மருத்துவத்தையும் நூலாகவே எழுதினார்.

பாண்டியர் குதிரையை வாங்கினர். அதனோடு வரவேண்டிய அறிவைப் பெறவில்லை. அவ்வறிவுடையோர்க்குப் பின்னாளில் தமிழ் தந்த மதிப்பை இராவுத்தர் என்னும் சொல்லில் காணலாம். குதிரை வீரரைக் குறித்த அச்சொல்லால் முருகனையே அழைத்தார் அருணகிரிநாதர்.