அரசா, தனியாரா? லலிதாவுக்கும் இருந்த கேள்வி

தருமபுரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் இறுதியாண்டு மாணவிகள் தயங்கித் தயங்கி என் அறைக்கு வருவார்கள். "மேடம், கேம்பஸ்ல வேலை கிடைச்சிருக்கு. வீட்ல கவர்மென்ட் எக்ஸாமுக்குப் படின்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

சென்ற ஆண்டு இப்படிக் கேட்டவள் பென்னாகரம் பக்கத்துப் பெண். எலக்ட்ரிக்கல் படித்தவள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அவளுடைய அப்பா என்னைப் பார்க்கவே வந்துவிட்டார். "கவர்மென்ட் வேலைன்னா நாளைக்கு நல்ல இடத்துல கட்டிக் கொடுக்கலாம் மேடம்" என்றார். அவளுடைய அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது சம்பளம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நானும் இந்தக் கேள்வியைக் கடந்து வந்தவள்தான். தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தேன். பிள்ளை பெற்றுத் திரும்பியபோது என் இருக்கையில் வேறொருவர் இருந்தார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்கு வேலை கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் ஆசிரியப் பணிக்கு வந்தேன். அதனால் அவளிடம் என் கதையைச் சொல்லாமல், லலிதாவின் கதையைச் சொன்னேன்.

அய்யலசோமயாஜுல லலிதா சென்னையில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்க அவர் அனுமதி கேட்டார், கிடைத்தது. 1943இல் லலிதா மின் பொறியியல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்ற பொருளில் அச்சாகியிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். பெண் ஒருத்தி வருவாள் என்று அந்தத் தாளை அச்சடித்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

1944இல் சிம்லாவில் இருந்த மத்திய தர நிர்ணய அமைப்பில் லலிதா சேர்ந்தார். அரசு வேலை. இரண்டு ஆண்டுகளில் அதை விட்டார், தந்தையின் ஆய்வுகளுக்கு உதவுவதற்காக. பிறகு வருமானம் தேவைப்பட்டது. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனத்தில் சேர்ந்தார். மின் கடத்து பாதைகளையும் துணை மின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின் உற்பத்திப் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போய்வந்தார்.

இதில் நான் மாணவிகளைக் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். சிம்லாவில் லலிதாவின் சகோதரர் ஒருவர் குடியிருந்தார். கல்கத்தாவில் இன்னொரு சகோதரர். மகள் சியாமளாவைப் பார்த்துக்கொள்ள வீடு இருந்த ஊரில்தான் அவர் வேலையும் இருந்தது. அரசா, தனியாரா என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. நான் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதே முதல் கேள்வி.

கிண்டியில் அவரோடு படித்த பி.கே. திரேசியாவின் பாதை வேறு. சிவில் படித்து 1944இல் பட்டம் பெற்றவர், கொச்சி சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இதைக் கேட்டதும், "அப்போ கவர்மென்ட்தான் பெஸ்டா மேடம்?" என்றாள் அவள்.

அரசும் நமக்குக் கதவைத் தானாகத் திறந்துவிடவில்லை. 1951இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்த முதல் பெண் அன்னா ராஜம். அவருடைய நியமன ஆணையில், திருமணம் செய்தால் பணி முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது. ஓசூரில் சப் கலெக்டராக இருந்தவர் அவர். தனியாரும் அப்படித்தான். 1974இல் டெல்கோ நிறுவனம் பொறியாளர் வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று விளம்பரம் செய்தது. சுதா என்ற மாணவி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு ஒரு தபால் அட்டை எழுதிக் கேள்வி கேட்ட பிறகுதான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது.

நம் ஊர்க் கதையும் இதில் உண்டு. 1980களில் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஓசூர், அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 1989இல் தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. 2021இல் அதை 40 சதவீதமாக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு அரசு ஊழியர்களின் பேறுகால விடுப்பு 12 மாதமானது. தனியார் நிறுவனங்களுக்கான சட்டமோ, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் காப்பகம் எத்தனை ஆலை வளாகங்களுக்குள் இருக்கிறது என்று கேட்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. பெண் சிசுக்களைக் கொல்லாமல் எங்களிடம் கொடுங்கள் என்று அரசே கேட்க வேண்டியிருந்த மாவட்டம் இது. இன்று என் வகுப்பில் இருக்கும் பெண்கள் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இங்கே பிறந்தவர்கள். அவர்கள் பிறந்ததும், வளர்ந்ததும், பொறியியல் படித்ததும் தானாக நடந்தவை அல்ல. அந்தப் படிப்பைக் கல்யாணச் சந்தையில் விலை கூட்டும் சரக்காக மட்டும் பார்த்தால், இத்தனை தூரம் வந்ததற்கு என்ன பொருள்?

அதனால் எந்த வேலை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். கல்யாணம் ஆனால் வேலை தொடருமா? பிள்ளை பெற்றுத் திரும்பினால் அதே பொறுப்பு கிடைக்குமா? பத்து ஆண்டில் ஒரு பெண் அங்கே எந்தப் பதவி வரை போயிருக்கிறாள்? அரசுத் தேர்வென்றால், எத்தனை ஆண்டு படிக்க வீடு சோறு போடும்? சம்பளம் யார் கையில் இருக்கும்?

அடுத்த வாரம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அப்பா மறுபடியும் தேர்வைப் பற்றியே பேசினார். அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா, அந்தத் தாளை மகளிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சா கம்பெனி பஸ்சு எது வரைக்கும் வந்து விடும் மேடம்?"

அந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லை. அவளே பேனாவை எடுத்துக் கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.