ஜி. கே. மூப்பனார்

கோவிந்தசாமி கருப்பையா மூப்பனார் (19 ஆகஸ்ட் 1931 – 30 ஆகஸ்ட் 2001), தஞ்சை மாவட்டத்தின் பெரும் பண்ணைக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து தமிழ்நாட்டு அரசியலில் கால் நூற்றாண்டுக்கு மேல் செல்வாக்குடன் இருந்தவர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர், அகில இந்திய காங்கிரஸ் பொதுச்செயலாளர், மாநிலங்களவை உறுப்பினர், பாபநாசம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆகிய பொறுப்புகளை வகித்தார். 1996இல் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையை நடத்தும் ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோத்சவ சபாவின் தலைவராகவும் நெடுங்காலம் இருந்தார்.

குடும்பமும் பண்ணையும்

திருவையாற்றிலிருந்து காவிரியின் வடகரையோடு கும்பகோணம் போகும் சாலையில், கணபதி அக்ரகாரத்தைத் தாண்டினால் கபிஸ்தலம் வரும். ஆற்றுக்குத் தெற்கே, பாபநாசத்தை ஒட்டி, ரயில் பாதையோரம் இருப்பது சுந்தரப்பெருமாள் கோவில். கபிஸ்தலம் மூப்பனார்கள் என்று பெயர் பெற்ற குடும்பத்தின் வேர் முதல் ஊரில். கருப்பையா மூப்பனாரின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாவது ஊரைச் சுற்றி. 19ஆம் நூற்றாண்டில் கபிஸ்தலம் ராமபத்திர மூப்பனார் சங்கீத வித்வான்களை ஆதரித்த புரவலராக அறியப்பட்டவர். ஆகவே இசைக்கும் இந்தப் பெயருக்கும் உள்ள உறவு அரசியலைவிட மூத்தது.

மூப்பனாரைத் தொழிலதிபர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் டெல்டாவில் மிராசுதார் செய்ததும் ஒரு தொழில்தான் என்பதை மறந்துவிட்டு அவருடைய அரசியலைப் புரிந்துகொள்வது கடினம். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு, ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் குறுவை, அதன்மேல் தாளடி, இல்லாவிட்டால் ஒரே போகமாகச் சம்பா என்று ஆண்டின் கணக்கு ஓடியது. விதைநெல், எரு, மாடு, நாற்று பறி, நடவு, அறுப்பு, களத்தில் தூற்றிய நெல்லை அளந்து பத்தாயத்தில் கொட்டுவது, விலை ஏறும்வரை காத்திருந்து மண்டிக்கு அனுப்புவது என எல்லாவற்றிலும் பணம் புரண்டது. மிராசுதார் வயலில் இறங்குவதில்லை. காரியக்காரர் வந்து சொல்வார். கணக்குப்பிள்ளை ஏட்டைப் புரட்டுவார். இவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் நடவு தொடங்கும், அல்லது நிற்கும்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் பல. ஒவ்வொன்றும் சுதந்திரத்துக்குப் பிறகு வேறு வேறு வழியில் தன்னைக் காத்துக்கொண்டது. வடபாதிமங்கலம் முதலியார் குடும்பம் திரு ஆரூரான் சர்க்கரை ஆலை வழியாகத் தொழில்துறைக்குள் போனது. பூண்டி வாண்டையார்கள் 1956இல் புஷ்பம் கல்லூரியைத் தொடங்கினார்கள். மூப்பனார் குடும்பத்தில் கருப்பையா தேர்ந்துகொண்டது கட்சி வேலை.

அது மிராசுதார்களுக்கு நல்ல காலமும் அல்ல. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961இல் 30 தர ஏக்கர் என்று வந்து 1970இல் 15ஆகக் குறைந்த நில உச்சவரம்பு, கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கங்களின் எழுச்சி, 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி என்று பண்ணைகளின் பழைய அதிகாரம் அடுத்தடுத்துக் கேள்விக்கு உள்ளானது. பணம் இருந்தால் ஓட்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 1962இல் தஞ்சாவூர்த் தொகுதியில் காங்கிரஸ் நிறுத்திய செல்வர் பரிசுத்த நாடாரைத் தி.மு.க.வின் மு. கருணாநிதி தோற்கடித்தார். 1967இல் மாநில ஆட்சியே காங்கிரஸின் கையை விட்டுப் போனது. கட்சி தேய்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் மூப்பனார் தஞ்சை மாவட்டக் காங்கிரஸில் வளர்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஆதாயம் தேடி ஆளுங்கட்சியில் சேர்ந்த பணக்காரர்களின் வரிசையில் அவரை வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

காமராஜருக்குப் பின்

1969இல் காங்கிரஸ் உடைந்தபோது மூப்பனார் காமராஜரோடு ஸ்தாபன காங்கிரஸில் நின்றார். 1975 அக்டோபர் 2இல் காமராஜர் மறைந்தார். நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டு ஸ்தாபன காங்கிரஸ் என்ன செய்வது என்று தவித்த வேளையில், அதன் பெரும்பகுதியை இந்திரா காந்தியின் காங்கிரஸோடு இணைத்ததில் மூப்பனாருக்கு முக்கியப் பங்கு உண்டு. பா. ராமச்சந்திரன் போன்றோர் மறுத்து, பின்னர் ஜனதா பக்கம் போனார்கள். இணைந்த கட்சிக்கு மூப்பனார் மாநிலத் தலைவரானார். வயது 44. 1977இல் மாநிலங்களவைக்குச் சென்றார்.

1980களில் இந்திராவிடமும் ராஜீவிடமும் அகில இந்தியப் பொதுச்செயலாளராக இருந்த காலமே அவருடைய செல்வாக்கின் உச்சம். டெல்லியில் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் அவரைக் கேட்டார்கள். அவர் சொன்னது பெரும்பாலும் சுருக்கமாக இருந்தது. பத்திரிகையாளர்களுக்கு அதைவிடச் சுருக்கம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு என்ற தோற்றம் டெல்லியிலும் மாறவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் பெயரால் வழங்கிய ஒரு கணக்கு உண்டு: மூப்பனார் ஃபார்முலா. மக்களவைத் தொகுதிகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு காங்கிரஸுக்கு, சட்டமன்றத்தில் அதே அளவு கூட்டணியின் மாநிலக் கட்சிக்கு என்பதே அதன் சாரம். 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருக்க, இந்திரா கொல்லப்பட்ட அனுதாபம் நாடெங்கும் வீச, இந்தக் கணக்கில் அமைந்த கூட்டணி சட்டமன்றத்தில் அ.தி.மு.க.வுக்கு 132, காங்கிரஸுக்கு 61 என்றும், மக்களவையில் காங்கிரஸுக்கு 25, அ.தி.மு.க.வுக்கு 12 என்றும் அறுவடை செய்தது. டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பங்கீடு புதிதல்ல. வாரச் சாகுபடியில் மேல்வாரம் யாருக்கு, குடிவாரம் யாருக்கு என்று களத்திலேயே பேசி முடிப்பதுபோலத்தான் இதுவும். ஆனால் இந்தப் பங்கீடு கோட்டையைக் கேட்கும் உரிமையைக் காங்கிரஸிடமிருந்து மெல்லப் பறித்துவிட்டது. டெல்லிக்கு எம்.பி.க்கள் கிடைத்தார்கள், சென்னையில் கட்சி இரண்டாம் இடத்துக்குப் பழகியது. பிற்காலத்தில் காமராஜர் ஆட்சி என்று அவர் முழங்கியபோது, அதற்குத் தடையாக நின்றவற்றுள் அவர் பெயரைத் தாங்கிய இந்தக் கணக்கும் ஒன்று.

1989: தனித்து நின்ற தேர்தல்

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்து, அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று பிளந்ததும், தனித்தே ஆட்சியைப் பிடிக்கலாம் என்று ராஜீவ் கணக்கிட்டார். மூப்பனார் மீண்டும் மாநிலத் தலைவராகி, முதல்வர் முகமாக முன்னிறுத்தப்பட்டார். ராஜீவ் திரும்பத் திரும்பத் தமிழ்நாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 1989 ஜனவரி 21இல் நடந்த தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. காங்கிரஸ் ஏறத்தாழ 20 விழுக்காடு ஓட்டு வாங்கியும் கிடைத்த இடங்கள் 26தான். ஜெயலலிதா அணிக்கு அதைவிட ஓர் இடம் கூடுதல். மூப்பனார் பாபநாசத்தில் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அவர் சட்டமன்றத் தேர்தலில் நின்று முதல்வர் பதவியைக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

தோல்விக்குப் பின் மாநிலத் தலைமை வாழப்பாடி ராமமூர்த்தியிடம் போனது. அதே ஆண்டு நவம்பர் மக்களவைத் தேர்தலில் ராஜீவ் ஜெயலலிதாவோடு கைகோத்தார். பழைய பங்கீடே திரும்பியது.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் மூப்பனார் இருந்தார். புகை அடங்கியதும் ராஜீவின் உடலைத் தேடிக் கண்டவர்களில் அவரும் ஜெயந்தி நடராஜனும் உண்டு.

தமிழ் மாநில காங்கிரஸ்

1996இல் ஜெயலலிதா அரசின் மீது மக்களுக்கு இருந்த கோபம் தெருவிலேயே தெரிந்தது. அப்படியிருந்தும் நரசிம்ம ராவ் அ.தி.மு.க. கூட்டணியையே தொடரத் தீர்மானித்தார். மூப்பனார் எதிர்த்தார், கேட்பாரில்லை. மார்ச் இறுதியில் தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. ப. சிதம்பரம் உட்பட மாநிலக் காங்கிரஸின் பெரும்பகுதி அவர் பின்னால் வந்தது. சைக்கிள் சின்னம் கிடைத்தது. தி.மு.க.வோடு கூட்டணி அமைந்தது; ரஜினிகாந்த் ஆதரவு தெரிவித்தார். ஒரு கட்சி தொடங்கி இரண்டு மாதம் முடிவதற்குள் சட்டமன்றத்தில் 39 இடம், மக்களவையில் 20 இடம் வென்றது. தி.மு.க. மக்களவையில் பெற்ற 17ஐவிட இது அதிகம். ஐக்கிய முன்னணி அரசில் சிதம்பரம் நிதியமைச்சரானார்.

1997 ஏப்ரலில் சீதாராம் கேசரியின் காங்கிரஸ் ஆதரவை விலக்கியதால் தேவ கௌடா அரசு கவிழ்ந்ததும், அடுத்த பிரதமர் யார் என்ற பேச்சில் மூப்பனாரின் பெயர் முன்னுக்கு வந்தது. நாற்காலியில் அமர்ந்தவர் ஐ. கே. குஜ்ரால். மனத்தாங்கலில் த.மா.கா. சில நாள் அமைச்சரவைக்கு வெளியே நின்று, பிறகு சேர்ந்தது. தமிழர் ஒருவர் பிரதமராவதைத் தமிழர்களே தடுத்தார்களா என்ற சண்டை அன்று தொடங்கி இன்றுவரை தேர்தல் மேடைகளில் எழுகிறது. அந்தச் சண்டையில் மூப்பனார் தாமே வாய் திறந்து யாரையும் குற்றம் சாட்டித் திரியவில்லை. அது பெருந்தன்மையா, பழக்கமான மௌனமா என்பதில் அவருடைய தொண்டர்களுக்கும் எதிரிகளுக்கும் கருத்து வேறு.

பிறகு இறக்கம். 1998 மக்களவைத் தேர்தலில் கிடைத்தது 3 இடம். 1999இல் தி.மு.க. பாரதிய ஜனதா அணிக்குப் போனதும் உறவை முறித்துக்கொண்டார். விடுதலைச் சிறுத்தைகளைச் சேர்த்துத் தனி அணி கண்டார். திருமாவளவன் தம் முதல் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் சைக்கிள் சின்னத்தில் நின்றது அப்போதுதான். ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனாலும் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் தலித் கட்சி ஒன்றைத் தேர்தல் பாதைக்கு அழைத்து வந்தது, 96இன் வெற்றிக்குக் குறையாத செய்தி. தஞ்சை மண்ணின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதன் எடை தெரியும்.

2001இல் அவர் எடுத்த முடிவு அவ்வளவு எளிதில் நியாயப்படுத்தக் கூடியதல்ல. எந்த ஜெயலலிதாவோடு சேரக் கூடாது என்று கட்சியை உடைத்தாரோ, அவரோடே கூட்டணி வைத்தார். மதவாதத்தைத் தடுக்க வேறு வழியில்லை என்பது அவர் தரப்பு வாதம். சிதம்பரம் ஏற்காமல் விலகித் தனி இயக்கம் கண்டார். 32 இடங்களில் நின்ற த.மா.கா. 23இல் வென்றது. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 30இல், சென்னையில் மூப்பனார் காலமானார்.

திருவையாற்றில்

தியாகராஜர் 1847 ஜனவரி 6இல் மறைந்தார். காவிரிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதியை மீட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1925இல் குடமுழுக்கு நடந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி என்று மூன்றாகப் பிரிந்து நடந்த ஆராதனை 1940 வாக்கில் ஒன்றானது. அப்படி ஒன்றான விழாவைக் கட்டிக்காப்பது லேசான வேலையல்ல. நூற்றுக்கணக்கான வித்வான்கள், ஒவ்வொருவருக்கும் சில நிமிடம், யாருக்கும் சன்மானம் கிடையாது, எல்லோருக்கும் மரியாதை குறையக் கூடாது. யார் முன்வரிசை, யாருக்கு எந்த நேரம், வானொலி ஒலிபரப்பில் யார் என்ற கேள்விகளில் ஒரு கட்சியையே உடைக்கும் அளவுக்கு வெடிமருந்து உண்டு. மூப்பனார் சபாவின் தலைவராக இருந்த காலத்தில் இது பெரும்பாலும் வெடிக்கவில்லை. கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொல்லும் பண்ணை வழக்கம் மிக நன்றாகச் செல்லுபடியான இடம் இதுதான் என்று சொல்லலாம்.

தை மாதத்துப் பகுள பஞ்சமியன்று காலையில், நாகஸ்வரம் முடிந்ததும், பந்தலுக்கடியில் தரையில் எதிரெதிர் வரிசையாக அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். டெல்லியில் எந்த நெருக்கடி இருந்தாலும் அவர் அந்த விழாவை விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர் பெற்றிருந்தார்.

பிற்காலம்

தந்தைக்குப் பின் தலைமையேற்ற ஜி. கே. வாசன் 2002இல் த.மா.கா.வைக் காங்கிரஸோடு இணைத்து, 2014 நவம்பரில் மீண்டும் தனியாகப் பிரித்தார். பழைய 39க்கு அருகில்கூடக் கட்சி வரவில்லை. சபாவின் பொறுப்பு மூப்பனாரின் தம்பி ரங்கசாமி மூப்பனாருக்கும், பிறகு வாசனுக்கும் வந்தது. சென்னை தேனாம்பேட்டையில் உள்ள நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 30இல் பல கட்சித் தலைவர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள். பிரதமர்களையும் முதல்வர்களையும் ஆக்கும் பேச்சுகளில் கால் நூற்றாண்டு உட்கார்ந்திருந்த மூப்பனார், மத்தியிலோ மாநிலத்திலோ ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை.