கன்னியாஸ்திரிகள் ஆய்வு

கன்னியாஸ்திரிகள் ஆய்வு என்பது முதுமை மறதி, ஆல்சைமர் நோய் ஆகியவற்றின் காரணிகளை அறியும் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவில் கத்தோலிக்கப் பெண் துறவியரிடையே நடத்தப்பட்ட நெடுங்கால ஆய்வு ஆகும். நோய்ப்பரவலியல் அறிஞரான டேவிட் ஸ்னோடன் 1986 ஆம் ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதனைத் தொடங்கினார். 1990 இல் இது கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் என்னும் சபையைச் சேர்ந்த 678 அருட்சகோதரிகள் இதில் பங்கேற்றனர். மூளையில் காணப்படும் நோயின் அளவும், அம்மூளைக்கு உரியவர் வாழ்நாளில் வெளிப்படுத்திய மறதியின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

ஆல்சைமர் நோயில் மூளையின் நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்னும் புரதம் படிவுகளாகச் சேர்கிறது. அணுக்களுக்கு உள்ளே டௌ என்னும் புரதம் முடிச்சுகளாகத் திரள்கிறது. இவை எவ்வளவு பரவியுள்ளன என்பதை இறப்புக்குப் பின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அறியலாம். ஆனால் நோய்க்கான காரணிகளைத் தேடும்போது ஒரு தடை எழுகிறது. முதியோர் ஒவ்வொருவரும் உணவு, வருமானம், மருத்துவ வசதி, பழக்கவழக்கங்கள் ஆகியவற்றில் வேறுபடுவதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிதல் கடினம்.

துறவற வாழ்க்கை இத்தடையைப் பெருமளவு நீக்கியது. அருட்சகோதரிகள் ஒரே வகையான உறைவிடத்தில் வாழ்ந்து, ஒரே வகையான உணவை உண்டு, ஒத்த மருத்துவக் கவனிப்பைப் பெற்றவர்கள். புகைபிடிக்காதவர்கள், மகப்பேறு அற்றவர்கள். பெரும்பாலோர் ஆசிரியைகளாகப் பணியாற்றியவர்கள். இவற்றுடன், ஒவ்வொருவரின் இளமைக்கால ஆவணங்களும் மடத்துக் காப்பகங்களில் பாதுகாக்கப்பட்டிருந்தன.

ஆய்வு முறை

1917 ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த, தகுதியுடைய 1,027 சகோதரிகள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் 678 பேர் இசைந்தனர். 1991 முதல் 1993 வரை நடந்த முதற் பரிசோதனையின்போது அவர்களின் வயது 75 முதல் 102 வரை இருந்தது. ஆண்டுதோறும் நினைவாற்றல், மொழித்திறன், அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றல் ஆகியவை சோதிக்கப்பட்டன. பத்துச் சொற்களைக் காட்டிச் சில நிமிடங்களுக்குப் பின் அவற்றை நினைவுகூரச் செய்வது இச்சோதனைகளுள் ஒன்று.

பங்கேற்ற அனைவரும் இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்க ஒப்புதல் தந்தனர். நரம்பு நோயியல் அறிஞரான வில்லியம் மார்க்சுபெரி அவற்றை ஆராய்ந்தார். வாழ்நாள் சோதனைகளில் ஒருவர் பெற்ற மதிப்பெண்களை அறியாமலேயே அவர் மூளையை மதிப்பிட்டது, முடிவில் சார்பு ஏற்படாமல் காத்தது.

முக்கிய முடிவுகள்

இளமைக்கால எழுத்து: சபையில் சேர்ந்தோர் உறுதிமொழி ஏற்கும் முன், ஏறத்தாழ 22 வயதில், தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தந்திருந்தனர். அவ்வாறான 93 தன்வரலாறுகளை ஆராய்ந்த முடிவு 1996 இல் வெளியானது. பத்துச் சொற்களுக்குள் எத்தனை கருத்துகள் அடங்கியுள்ளன என்னும் கணக்குக் கருத்தடர்த்தி எனப்பட்டது. பிறந்த ஊரையும் நாளையும் மட்டும் கூறும் வாக்கியத்தைவிட, அதே அளவு சொற்களில் காரணம், ஒப்பீடு, உணர்வு ஆகியவற்றையும் இணைத்துக் கூறும் வாக்கியத்தின் கருத்தடர்த்தி மிகுதி. இளமையில் கருத்தடர்த்தி குறைந்திருந்தோர், சுமார் 58 ஆண்டுகளுக்குப் பின் நடந்த அறிவாற்றல் சோதனைகளில் குறைந்த மதிப்பெண் பெறும் வாய்ப்பு மிகுந்திருந்தது. அதுவரை இறந்திருந்த 14 பேரில், கருத்தடர்த்தி குறைந்திருந்த அனைவரின் மூளையிலும் ஆல்சைமர் நோய் உறுதியானது. மிகுந்திருந்தோர் எவரிடமும் அது காணப்படவில்லை.

மூளை இரத்த ஓட்டம்: 1997 இல் வெளியான ஆய்வு, இறந்த 102 சகோதரிகளின் மூளைகளைப் பற்றியது. அவர்களுள் 61 பேரின் மூளை ஆல்சைமர் நோய்க்கான அளவுகோல்களை நிறைவு செய்தது. இந்த 61 பேரிலும், இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் திசு இறந்த இடங்களை உடையோரிடமே முதுமை மறதி மிகுதியாகக் காணப்பட்டது. மூளையின் ஆழ்பகுதியில் அத்தகைய சிறு புண் ஒன்றிரண்டு இருப்பினும் மறதிக்கான வாய்ப்புப் பன்மடங்கு உயர்ந்தது. ஆல்சைமர் நோய்க்குறி இல்லாதோரிடம் இப்புண்களின் விளைவு குறைவாகவே இருந்தது. எனவே பக்கவாதத்தைத் தடுப்பது, ஆல்சைமர் நோய் மறதியாக வெளிப்படுவதைத் தணிக்க உதவக்கூடும் என்று கருதப்பட்டது.

நோய் இருந்தும் மறதியின்மை: 101 வயதில் இறந்த ஒரு சகோதரி, இறப்பதற்குச் சில காலம் முன்பு வரை சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார். ஆயினும் அவர் மூளையில் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன. இவரைப் போன்றோரைப் பற்றி 2009 இல் வெளியான ஆய்வில், நோய்க்குறி இருந்தும் மறதிக்கு ஆளாகாதோரின் நரம்பணுக்கள் பருத்திருந்தமை அறியப்பட்டது. அவர்களின் இளமைக்கால எழுத்தின் கருத்தடர்த்தியும் மிகுந்திருந்தது. கல்வியாலும் பிற காரணங்களாலும் மூளை பெறும் தாங்குதிறன் நோயின் வெளிப்பாட்டைத் தள்ளிப்போடுகிறது என்னும் கருத்துக்கு இவை வலுச்சேர்த்தன.

வரம்புகள்

பங்கேற்றோர் அனைவரும் பெண்கள். ஏறத்தாழ அனைவரும் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். 75 வயதைக் கடந்தவர்கள். ஆதலால் முடிவுகளை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருத்த இயலாது. மேலும், கருத்தடர்த்திக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்பட்டதே அன்றி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை. இளமையில் வளமான மொழித்திறன் மூளையைக் காத்திருக்கலாம். அல்லது எளிய நடையே பல பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய நோயின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம். சிக்கலான வாக்கியங்களை எழுதப் பழகினால் நோய் வராது என்று இவ்வாய்விலிருந்து முடிவு கொள்வது தவறாகும்.

பிற்காலம்

ஆய்வின் வரலாற்றை ஸ்னோடன் 2001 இல் பொதுமக்களுக்கான நூலாக வெளியிட்டார். அவர் ஓய்வு பெற்றபின் ஆய்வு மீண்டும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட மூளைத் திசுக்களையும் பதிவுகளையும் கொண்டு, தொடக்கத்தில் இல்லாத புதிய முறைகளாலும் ஆராய முடிகிறது. வாழ்நாள் முழுதும் வகுப்பறைகளில் கற்பித்த சகோதரிகளின் கொடையால், அவர்களின் இறப்புக்குப் பின்னரும் ஆய்வு தொடர வழி ஏற்பட்டது.