உப்புக் காற்றில் ஒரு ஸ்பிரிங்

பழைய கிடார் ஆம்ப்ளிஃபையரை லேசாக உதைத்தால் உள்ளே இடி இடிக்கும். அந்தச் சத்தத்தின் பூர்வீகம் இசையே இல்லை, டெலிபோன். வெகுதூர லைனில் குரலுக்கு ஏற்படும் தாமதத்தை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே உண்டாக்கிப் பார்க்க, பெல் லேப்ஸ்காரர்கள் ஒலியைச் சுருள்கம்பிக்குள் அனுப்பினார்கள். தூரத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்த மாதிரி.

அதை இசைக்குக் கொண்டுவந்தவர் லாரன்ஸ் ஹேமண்ட் என்ற பொறியாளர். கடிகாரமும் செய்தவர். 1935இல் வந்த அவருடைய ஆர்கன், கார்ப்பெட் விரித்த வீட்டு ஹாலில் வறண்டு ஒலித்தது. ராமேஸ்வரம் கோவிலின் வெளிப்பிரகாரத்தில் ஒருதடவை கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தட்டிப் பாருங்கள், அவர் கவலை புரியும். அவர் செய்த முதல் ஸ்பிரிங் பெட்டி நாலடி உயரம், உள்ளே எண்ணெய்க் குழாய்கள். 1960 வாக்கில் அது கைக்கு அடக்கமானது. லியோ ஃபெண்டர் 1961இல் தனிப் பெட்டியாக விற்றார், 1963இல் ஆம்புக்குள்ளேயே வைத்தார். கலிபோர்னியாவின் சர்ஃப் இசைக்கு அதுதான் அலைச்சத்தம்.

அங்கே கடலைப் பாடிய ஸ்பிரிங்கை இங்கே கடலே தின்கிறது. எங்கள் உப்பூருக்குப் பேரிலேயே உப்பு. சதுர்த்தித் திருவிழாக் கச்சேரிக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு கிடார்க்காரத் தம்பி பழைய ட்யூப் ஆம்பைத் தூக்கி வந்தான். "ரிவெர்ப் செத்துப்போச்சுண்ணே. இதை எடைக்குப் போட்டுட்டு டிஜிட்டல் பெடல் வாங்கிரவா?"

ரிவெர்ப் குமிழைத் திருகி வைத்துவிட்டு ஸ்பிரிங் பெட்டியை விரலால் தட்டினேன். இடி கேட்டது. அப்படியென்றால் ஸ்பிரிங், வெளிவரும் காயில், அதற்குப் பிந்தைய ட்யூப் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. கோளாறு ஒலி உள்ளே நுழையும் பக்கம். இடியே கேட்காவிட்டால் எதிர்ப்பக்கம் தேட வேண்டும். (தட்டாமலே உறுமுகிறதா? வெளிவரும் காயில் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும். பெட்டியைத் திருப்பி வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.)

வயரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. ஆம்பை அணைத்து, வயர்களைக் கழற்றி, மல்ட்டிமீட்டர் வைத்தேன். இந்த வகைப் பெட்டியில் உள்நுழையும் காயில் சுமார் 1 ஓம் காட்டணும், வெளிவருவது 200 பக்கம். முதலாவது ஒன்றுமே காட்டவில்லை. சாக்கெட்டுக்குப் போகும் முடி மாதிரி வயர் பச்சை பூத்து அறுந்திருந்தது. ஆம்புக்குள் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. நல்லது. அணைத்த பிறகும் ட்யூப் ஆம்பின் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும், தெரியாதவர்கள் திறக்கவே கூடாது.

பச்சையைச் சுரண்டி, புது இழை வைத்துப் பற்றவைக்க அரைமணி நேரம். பெடலில் எதிரொலி இன்னும் சுத்தமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் எடைக்குப் போக இருந்தது ஓர் இழைக்காக.

தம்பி ஒரு கார்டு அடித்தான். ஒலி ஸ்பிரிங்கின் மறுமுனைக்குப் போய்ச் சேர 30, 40 மில்லி செகண்ட். சாக்கெட் துளைகளில் துணி அடைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருதடவை கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன்.