18 வயது ஆகாவிட்டாலும் கடன்பற்று அட்டை மோசடிக்கு வழக்கு உண்டு

செராஸ் பேரங்காடி ஒன்றில் கீழே கிடந்த கடன்பற்று அட்டையை 16 வயதுப் பையன் எடுத்து, காலணி வாங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 250 வெள்ளி வரை ரகசிய எண் இல்லாமல் இயந்திரத்தில் தொட்டாலே போதும். அவனுக்கு அது விளையாட்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பிறர் பொருளைத் தனதாக்கிக்கொண்டதற்குக் குற்றவியல் சட்டத்தின் 403ஆவது பிரிவு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. ஏமாற்றுக் குற்றமானால் 420ஆவது பிரிவு, 10 ஆண்டு வரை.

ஆனால் 18 வயதுக்குட்பட்டவர் என்பதால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படியே வழக்கு நடக்கும். கைதானதும் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். விசாரணைக்குப் பொதுமக்கள் வர முடியாது, பெயரும் படமும் பத்திரிகையில் வராது. வீடு, பள்ளி, பழக்கவழக்கம் பற்றி நன்னடத்தை அதிகாரி தரும் அறிக்கையைப் பார்த்த பிறகே முடிவு. எச்சரித்து விடலாம், மலாக்கா, தெலுக் மாஸ் ஹென்றி கர்னி பள்ளிக்கும் அனுப்பலாம். 14 வயதுக்குக் கீழே சிறை கிடையாது. அதற்கு மேல், வேறு வழியே இல்லாவிட்டால் உண்டு.

பல குடும்பங்களுக்குத் தெரியாதது ஒன்று: அபராதத்தையும் இழப்பீட்டையும் பெற்றோரே கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். 18 வயது நிரம்பிய பின் குற்றஞ்சாட்டப்பட்டால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகாது.

தெரிந்த ‘அண்ணன்’ கேட்டார் என்று தன் வங்கி அட்டையையே சிறு தொகைக்குக் கொடுப்பதும், 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தனிக் குற்றம். கொடுத்துவிட்டவர் உடனே வங்கியில் அட்டையை முடக்கி, போலீசில் புகார் செய்ய வேண்டும். பணத்தை இழந்தவர் அழைக்க வேண்டிய எண் 997.