அரபு நாட்டில் ஆட்சி மாறினால் அய்யலூர் குடும்பத்துக்கு என்ன? முழு விவரம்

திண்டுக்கல் - திருச்சி நெடுஞ்சாலையில், வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர் போன ஊர் அய்யலூர். இந்தப் பக்கம் மகனை துபாய்க்கோ தோஹாவுக்கோ அனுப்பிய வீடுகளில், டிவியில் ‘வளைகுடாவில் பதற்றம்’ என்று ஓடினாலே ஒரே கேள்விதான்: “அங்க ஆட்சி கவுந்துட்டா நம்ம பையன் கதி என்ன?”

இதற்கு விடை தேட, ஆட்சி மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது. அணி மாற்றத்தையும் பார்க்கணும்.

எங்கெல்லாம் ஆட்சி கவிழ்ந்தது?

2011 அரபு வசந்தத்தில் துனிசியாவின் பென் அலி, எகிப்தின் முபாரக், லிபியாவின் கடாஃபி வீழ்ந்தனர். 2012ல் ஏமனின் சாலே பதவி விலகினார். 2024 டிசம்பர் 8ல் சிரியாவின் அசாத் ரஷ்யாவுக்குத் தப்பி ஓடினார்.

இவை எல்லாம் அதிபர்கள் ஆண்ட நாடுகள். மன்னர்கள் ஆளும் வளைகுடா நாடுகள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

மன்னர்கள் எப்படித் தப்பினார்கள்?

ஒன்று, எண்ணெய்ப் பணம். 2011ல் சவுதி மன்னர் சம்பளம், வீடு, வேலைவாய்ப்புக்காக சுமார் 13,000 கோடி டாலர் அறிவித்தார். இன்னொன்று, கூட்டாளிகளின் உதவி. பஹ்ரைனில் போராட்டம் வெடித்த பிறகு, அதே ஆண்டு மார்ச்சில் சவுதி படைகளே உள்ளே இறங்கின.

நேற்று பகை, இன்று கைகுலுக்கல்

2017 ஜூனில் சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. 2021 ஜனவரியில் சமாதானம் ஆனார்கள். 2020ல் அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலுடன் ஒப்பந்தம் போட்டன. 2023 மார்ச்சில் சீனா நடுவில் நின்று சவுதியையும் ஈரானையும் சேர்த்து வைத்தது. 2025 செப்டம்பரில் இஸ்ரேல் தோஹாவைத் தாக்க, சில நாட்களிலேயே சவுதி பாகிஸ்தானுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது.

யூகங்களை நம்பலாமா?

‘அடுத்து கவிழப்போவது இவர்தான்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். 2023 மே மாதம் அரபு லீக் அசாத்தை மறுபடி சேர்த்துக்கொண்டபோது, அவர் ஜெயித்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த 19 மாதங்களில், கிளர்ச்சிப் படை கிளம்பி இரண்டே வாரத்துக்குள் எல்லாம் முடிந்துபோச்சு.

தொழிலாளர்களை எது பாதிக்கும்?

தலைவர் மாறுவதைவிட, சண்டை மூண்டு விமான நிலையம் மூடுவதுதான் பெரிய அடி. 1990 ஆகஸ்ட் 2ல் இராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே சிக்கிய சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டனர். 2011ல் லிபியா, 2015ல் ஏமனில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் மீட்கப்பட்டனர். வேலையும் சம்பள பாக்கியும் அங்கேயே நின்றுபோனது.

குவைத் விஷயத்தில் ஐநா பின்னர் இராக்கின் எண்ணெய் வருமானத்தில் இருந்து இழப்பீடு கொடுத்தது. இந்தியர்களும் வாங்கினார்கள். ஆனால் வெளியேறியதற்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. பேப்பர்தான் பேசும்!

வீட்டில் என்ன தயார் வைக்கணும்?

* பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், அந்நாட்டு அடையாள அட்டை: நான்கின் நகலும் வீட்டில் ஒரு செட், மொபைலில் ஒரு செட்.

* போன நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மீட்பு விமானம் வந்தால் அந்தப் பட்டியல் உதவும்.

* பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு குடிபெயர்வு அனுமதி கட்டாயம். இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட் மூலம் மட்டுமே போகணும். விசிட் விசாவில் வேலைக்குப் போகவே கூடாது.

* பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். விபத்து மரணம், நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் கிடைக்கும்.

* சிக்கல் என்றால் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ தளத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் புகார் தரலாம்.

அரபு மண்ணில் யார் யாரோடு சேர்வார்கள் என்பது நம் கையில் இல்லை. மகனின் பேப்பர் பத்திரமாக இருக்கிறதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.